புலனாகா நோவு

நோய், நோவு என்னும் இரு சொற்களும் 'நோ' என்னும் ஒரே வினைப்பகுதியினின்று பிறந்தவை. உடம்பு வருந்துவதை நோதல் என்றனர் தமிழர். பிறர்மேல் குறை கூறுவதையும் நோதல் என்றே வழங்கினர். 'யாரை நோவது?' என்று இன்றும் கேட்கும் வழக்கு உண்டு. வருத்தமும் பழியும் ஒரு சொல்லில் வந்து தங்கியதற்கு இலக்கண நூலார் வேறு காரணம் கூறக்கூடும். ஆயினும், ஆண்டுக்கணக்கில் நோயுற்று வாழ்வோரை அருகிருந்து அறிந்தவர்க்கு அச்சேர்க்கை வியப்பளிப்பதன்று. அவருக்கு உடம்பும் நோகும். அவரை ஊரும் நோகும்.

கால் முறிந்தவனுக்குக் கட்டு உண்டு. கட்டைக் கண்டவர் எழுந்து இடங்கொடுப்பர். காய்ச்சலுற்றவனுக்கு வெப்பமானி சான்று பகரும். நோவு ஒன்றற்கு மட்டும் இவ்வளவு என அளந்து காட்டும் கருவி இன்றளவும் இல்லை. நோவுடையவன் சொல்லே அதற்குச் சான்று. அச்சொல்லும் நாட்பட நாட்பட மதிப்பிழந்துவிடுகிறது. முதல்நாள் வலி என்றவுடன் வீடே திரண்டு நிற்கும். பத்தாம் நாள், 'இன்னுமா?' என்பர், பத்தாம் மாதம், 'இவனுக்கு எப்போதும் இதே பாட்டு' என்பர். மூன்று திங்களுக்கு மேல் நீடிக்கும் நோவை நாட்பட்ட நோவு என வகுத்துரைக்கின்றனர் மருத்துவர். ஊரார் பொறுமை பெரும்பாலும் அதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது.

இத்தகைய நோய்கள் பலவற்றுள் ஒன்றனை மட்டும் ஈண்டு விரித்துக் காண்பது பொருந்தும். அது நீலகிரி மலைச்சாரல்களில் வாழும் இருளர், குறும்பர், பணியர் முதலிய குடியினர் பலரை வருத்துவது. ஆப்பிரிக்காவிலும், அரபு நாடுகளிலும், அமெரிக்காவில் வாழும் ஆப்பிரிக்க வழியினரிடத்தும் மிகுதியாகக் காணப்படுவது. அரிவாளணுச் சோகை என்பது அதன் பெயர்.

1904ஆம் ஆண்டில், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய கிரனடாவிலிருந்து வால்ட்டர் கிளெமென்ட் நோயல் என்னும் இளைஞர் பல் மருத்துவம் பயில அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரத்திற்கு வந்தார். அவ்வாண்டு முடியுமுன்னரே இருமலும் மூச்சுத்திணறலும் கண்டு மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். எர்னஸ்ட் அயன்ஸ் என்னும் பயிற்சி மருத்துவர் அவர் குருதியின் ஒரு துளியை நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தார். வட்டமாய் இருத்தற்குரிய அணுக்களுட் பல மெலிந்து நீண்டு அரிவாள்போல் வளைந்து கிடந்தன. அவருடைய தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் ஆறாண்டுகள் கழித்து, 1910ஆம் ஆண்டில், அதனை ஓர் ஆய்வுரையாக வெளியிட்டார். அன்றுமுதல் ஹெரிக்கின் பெயர் மருத்துவ நூல்களில் நிலைத்தது. நோயுற்றவர் பெயரோ அவ்வாய்வுரையில் இல்லை. அவர் தம் படிப்பை முடித்து, ஊர் திரும்பி, பல் மருத்துவராய்ப் பணியாற்றி, 1916ஆம் ஆண்டில் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார் என்னும் வரலாற்றை ஆய்வாளர் தேடிக் கண்டு வெளியிட்டது 1989ஆம் ஆண்டிலேயாகும். அவருடைய அணுவுக்குக் கிடைத்த கவனம் அவருக்குக் கிடைக்க எண்பது ஆண்டுகள் ஆயின.

மேலைநாட்டார் கண்டு பெயரிடுமுன் இந்நோய் பெயரின்றி இருந்தது என்று கருதுதல் தவறு. கானா நாட்டு மருத்துவர் கோனோட்டே அகூலு, தம் குடும்பத்திலேயே இந்நோய் 1670ஆம் ஆண்டு வரையில் வழிவழித் தொடர்ந்திருப்பதைத் தலைமுறை தலைமுறையாக எண்ணிக் காட்டினார். அந்நாட்டில் 'கா' மொழி பேசுவோர் இதனைச் 'ச்வேச்வேச்வே' என்றும், 'ஃபாண்டே' மொழியினர் 'ந்வீவீ' என்றும் வழங்கிவந்தனர். மெய்யெழுத்தில் தொடங்கும் அச்சொற்கள் தமிழ் நாவிற்கு எளியன அல்ல. ஆனால் அவற்றின் அமைப்பு தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. விடாமல் மீண்டும் மீண்டும் குடையும் நோவை, மீண்டும் மீண்டும் வரும் ஒலியாலேயே குறித்தனர் அம்மக்கள். 'விண்விண்ணென்று தெறிக்கிறது' என்று நம் நாட்டு மூதாட்டியர் கூறுவதில்லையா? இரட்டைக்கிளவி என நம் இலக்கணம் பெயரிட்ட அதே நெறி. மேலைநாட்டு மருத்துவர் அணுவின் வடிவைக் கண்டு பெயர் வைத்தனர். கானா நாட்டுத் தாய்மார் குழந்தையின் அழுகையைக் கேட்டுப் பெயர் வைத்தனர்.

இனி, அந்நோவு எங்ஙனம் எழுகின்றது என்பதைக் காண்போம். குருதிச் செவ்வணுவினுள் ஈமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருள் உள்ளது. நுரையீரலில் உயிர்வளியை ஏற்று உடலெங்கும் கொண்டுசேர்ப்பது அதன் தொழில். அதனுள் 146 அமினோ அமிலங்கள் கோவையாகத் தொடர்ந்த ஒரு சங்கிலி உண்டு. அக்கோவையில் ஆறாவது இடத்தில் நிற்றற்குரியது குளூட்டாமிக் அமிலம். இந்நோயுடையாரிடத்தில் அவ்விடத்தில் வாலின் என்னும் வேறோர் அமிலம் நிற்கின்றது, பிழை அவ்வளவே. றகரம் நிற்க வேண்டிய இடத்தில் ரகரம் நின்றால் 'அறம்' என்பது 'அரம்' ஆகிவிடுகிறதன்றோ? இதுவும் அத்தகையதோர் எழுத்துப்பிழை. இது மூலக்கூற்றில் தோன்றும் நோய் என்று 1949ஆம் ஆண்டில் லைனஸ் பாலிங்கும் அவர் குழுவினரும் காட்டினர். பிழை இன்னதென அதன்பின் சில ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் கண்டவர் வெர்னன் இங்ரம்.

பிழையுடைய ஈமோகுளோபின், உயிர்வளியை இழந்தவுடன் ஒன்றோடொன்று ஒட்டிக் கோல்கோலாகத் திரள்கின்றது. அக்கோல்கள் அணுவை உள்ளிருந்து தள்ளுதலால் அது வளைந்து விறைக்கின்றது. நல்ல செவ்வணு மென்மையானது. தன் அகலத்தினும் குறுகிய நுண்குழாயிலும் உடலை ஒடுக்கி நுழைந்து சென்றுவிடும். விறைத்த அணுவோ வழியில் சிக்கி நிற்கும். பின்வரும் அணுக்கள் அதன்மேல் தேங்கும். அடைபட்ட குழாய்க்கு அப்பாலுள்ள எலும்பும் தசையும் உயிர்வளி பெறாது தவிக்கும். அத்தவிப்பே நோவாகின்றது. கைக்குழந்தைகட்கு விரல்களும் பாதங்களும் வீங்கும். வளர்ந்தவர்க்கு முதுகிலும் இடுப்பிலும் மார்பிலும் தொடைகளிலும் நோவு பாயும். குளிரும், நீர்வேட்கையும், காய்ச்சலும், மிகையான உழைப்பும் அதனைத் தூண்டுவன. மேலும், நல்ல செவ்வணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வது. அரிவாளணுவின் வாழ்நாள் பத்து முதல் இருபது நாளே. எனவே சோகையும் சோர்வும் நீங்காமல் உடனிருக்கின்றன. கண்ணில் மஞ்சள் படர்கின்றது. இவ்வளவும் நிகழ்ந்தும், ஓரிரு குறிகள் தவிர, வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு ஒன்றும் தெரிவதில்லை.

பந்தலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இந்நோயுடைய மாணவன் ஒருவன் இருப்பதாகக் கொள்வோம். ஞாயிறன்று அவன் தோழரோடு பந்தாடினான். திங்களன்று மழை, நனைந்துகொண்டே வீடு சேர்ந்தான். இரவில் இரு தொடைகளிலும் குடைச்சல் தொடங்கிற்று. செவ்வாயும் புதனும் அவன் பள்ளிக்கு வரவில்லை. வியாழனன்று வந்தபோது, 'ஞாயிற்றுக்கிழமை ஆடுவதற்கு மட்டும் கால் இருந்ததோ?' என்று கேட்கப்பட்டான். வகுப்பு நகைத்தது. அவனும் உடன் நகைத்தான். அழுதால் 'நடிப்பு' என்பர். அழாவிட்டால் 'வலியுள்ளவன் இப்படியா இருப்பான்?' என்பர், ஆகவே நகைப்பதே எளிதென்று அவன் முன்னரே கற்றிருந்தான். வீட்டிற்கு வரும் உறவினரோ, உண்ணும்போது வராத நோவு விறகு பொறுக்கும்போது மட்டும் வருவது எப்படி என்று வினவுவர்.

இங்கே ஒரு செய்தியை ஊன்றி நோக்குதல் வேண்டும். திடீரென விரலைக் கதவிடுக்கிற் கொடுத்தவன் அலறுவான், முகம் வியர்க்கும், நாடி விரைந்து ஓடும். அதனையே நோவின் இலக்கணம் என்று உலகம் கொண்டுவிட்டது. ஆனால் நாள்தோறும் நோவோடு எழுந்து நோவோடு உறங்குபவன் அலறுவதில்லை. அவன் நோவினூடே படிப்பான், பேசுவான், நகைப்பான். நாடியும் பல வேளைகளில் இயல்பாகவே ஓடும். அமெரிக்க நாட்டு வர்ஜீனியா மாநிலத்தில் இந்நோயுடைய 232 பேர் ஆறு திங்கள் வரையில் நாள்தோறும் தம் நோவைக் குறித்துவைத்தனர். அக்குறிப்புகள் 2008ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. நூறு நாள்களில் ஏறத்தாழ 55 நாள்கள் அவர்கள் நோவோடு இருந்தனர். மருத்துவரை நாடிச் சென்ற நாள்களோ நூற்றுக்கு மூன்று அல்லது நான்கே! எஞ்சிய நாள்களில் அவர்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் நோவை உள்ளடக்கிக்கொண்டு நடமாடினர். அதுவரை மருத்துவர் பலரும் தம்மிடம் வந்த நாள்களை மட்டுமே கணக்கிட்டு, நோவு எப்போதோ வந்து போவது என்று எண்ணியிருந்தனர்.

மருத்துவமனைக்குச் சென்றால் மட்டும் நம்பிக்கை கிட்டிவிடுகின்றதா? கடுநோவு எழுங்கால் மார்ஃபின் போன்ற வலிய மருந்து தேவைப்படும். பன்முறை வந்தவனாதலின், எம்மருந்து, எவ்வளவு என்பதை நோயாளியே நன்கறிவான். அவன் அதனைப் பெயர் சொல்லிக் கேட்பான். கேட்டவுடன், 'இவன் மருந்துக்கு அடிமைப்பட்டவனோ?' என்னும் ஐயம் எழுகின்றது. தன் நோயைத் தான் அறிந்திருத்தலே அவனுக்குக் குற்றமாகின்றது. 2019ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் இந்நோயுடைய இருபத்தோராண்டு இளைஞர் ஒருவர், தமக்கு உயிர்வளி வேண்டுமெனக் கேட்டும் கிடைக்காமையால், படுக்கையிற் படுத்தவாறே அவசர உதவிக்குரிய தொலைபேசி எண்ணை அழைத்தார். மருத்துவமனையின் உள்ளேயிருந்து வெளியே உதவி கேட்ட அவ்விளைஞர் சில நாள்களில் இறந்தார். அதனையடுத்து ஆங்கிலப் பாராளுமன்ற உறுப்பினர் குழு ஒன்று விசாரித்து 2021ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. 'எவரும் செவிசாய்ப்பதில்லை' என்பது அவ்வறிக்கைத் தலைப்பின் பொருள்.

செவிசாய்த்தவரும் இல்லாமற் போகவில்லை. நோவு என்பது அதனை உறுபவர் எதனை நோவு என்கின்றாரோ அதுவே என்று செவிலியர்க்குக் கற்பித்தார், 1968ஆம் ஆண்டில், மார்கோ மெக்காஃபரி என்னும் அமெரிக்கச் செவிலி. கனடா நாட்டு அறிஞர் ரொனால்டு மெல்சாக் நோயாளிகள் தம் நோவைக் கூற ஆளும் சொற்களைத் திரட்டினார். 78 சொற்களை 20 கூட்டமாக வகுத்து 1975ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட வினாநிரல் மருத்துவர் கையில் ஒரு கருவியாயிற்று. சொல்லையே கருவியாக்கிய அவ்வறிஞர் தமிழறிந்திருப்பின் மகிழ்ந்திருப்பார்! குத்தல், குடைச்சல், உளைச்சல், எரிச்சல், கடுப்பு, இசிவு, பிடிப்பு எனத் தமிழில் ஒவ்வொன்றும் வெவ்வேறு. எலும்பு குடைகின்றது என்பவன் தசை உளைகின்றது என்னான். இவற்றையெல்லாம் 'வலி' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவது இக்கால வழக்கு. அதனால் மருத்துவர்க்கும் இழப்பு உண்டு. இன்று மருத்துவமனைகளில், நோவே இல்லையெனில் சுழி, இதனினும் பெருநோவு இல்லையெனில் பத்து என எண் சொல்லுமாறு கேட்பர். அவ்வெண்ணைச் சொல்பவனும் நோயாளியே. நோவு ஆய்வுக்கெனப் பன்னாட்டறிஞர் அமைத்த சங்கம், நோவின் இலக்கணத்தை 2020ஆம் ஆண்டில் திருத்தியபோது, தனக்கு நோவு உளதென்று ஒருவர் கூறுவதை மதித்தல் வேண்டும் என்பதையும் அதனோடு சேர்த்து எழுதிற்று.

நோவுடையானை நம்பாமை ஒருபுறமிருக்க, நம்பியும் பழிப்பது இன்னொரு கொடுமை. நைஜீரிய நாட்டில் யோருபா மக்கள் 'அபிக்கு' என்றும் இக்போ மக்கள் 'ஒக்பாஞ்சே' என்றும் சில குழந்தைகளைக் குறித்துவந்தனர். பெற்றோரை வருத்துவதற்கென்றே மீண்டும் மீண்டும் பிறந்து இறக்கும் குழந்தைகள் என்பது அச்சொற்களின் கருத்து. அவருட் பலர் அரிவாளணுச் சோகையால் இறந்தவராதல் கூடும் என்பர் ஆய்வாளர். நோயுற்று இறந்த குழந்தையின்மீதே குற்றம் சாட்டிய நம்பிக்கை அது. நம் நாட்டிலும் முன்வினை என்றும் சாபம் என்றும் கூறுவார் உளர்.

உண்மை அதற்கு நேர்மாறானது. பிழைபட்ட கூறு தாய் தந்தை இருவருள் ஒருவரிடமிருந்து மட்டும் வருமாயின் அக்குழந்தை நோயாளியாவதில்லை. அக்கூற்றைச் சுமப்பதோடு சரி. அவ்வாறு சுமப்போரை மலேரியாக் காய்ச்சல் கடுமையாகத் தாக்குவதில்லை என்று 1954ஆம் ஆண்டில் ஏ. சி. அலிசன் என்பார் கண்டுரைத்தார். கொசு மிகுந்த காடுகளில் வாழ்ந்த முன்னோர் பலரைப் பிழைக்கவைத்த கவசம் அது. அதனாலன்றோ அது ஆப்பிரிக்கக் காடுகளிலும் நம் மலைச்சாரலிலும் ஒருங்கே நிலைத்தது! நீலகிரிப் பழங்குடியினர் குருதியில் அரிவாளணு இருத்தலை லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர் 1952ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கவசம் இருவரிடமும் இருந்து அவர்கள் மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. முன்னோர் உயிர் காத்ததன் விலையைச் சில குழந்தைகள் செலுத்துகின்றனர்.

சுமப்போர் வேறு, நோயாளர் வேறு என்னும் இவ்வெளிய வேறுபாட்டைக் கற்றறிந்த நாடுகளும் மறந்ததுண்டு. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டையடுத்துக் குருதிச் சோதனை பரவியபோது, நோயே இல்லாத சுமப்போர் சிலர் வேலையும் காப்பீடும் மறுக்கப்பட்டனர். அந்நாட்டு விமானப்படைக் கல்விக்கழகம் அவர்களைச் சேர்க்க மறுத்த விதியை 1981ஆம் ஆண்டில்தான் நீக்கிற்று. இந்தியாவில் 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இந்நோயை 2047ஆம் ஆண்டிற்குள் ஒழிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. பழங்குடியினர் வாழும் பகுதிகளில் ஏழு கோடி மக்களைச் சோதிப்பது அதன் குறிக்கோள். சோதனையின் முடிவைக் காட்டும் அட்டை ஒவ்வொருவர் கைக்கும் வரும். அவ்வட்டையைப் பெண்ணின் வீட்டாரும் பிள்ளையின் வீட்டாரும் எவ்வாறு படிப்பர் என்பது சோதனைச்சாலையில் முடிவாவதன்று.

மருத்துவம் வளர்ந்தே வருகின்றது. ஐதராக்சியூரியா என்னும் மாத்திரை கடுநோவு வரும் தடவைகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும் என்று 1995ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. மரபுக்கூற்றையே திருத்தும் மருத்துவத்திற்கு 2023ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கில, அமெரிக்க நாடுகள் இசைவளித்தன. ஒருவர்க்கு ஆகும் செலவோ அமெரிக்க நாணயத்தில் இருபது இலட்சம் டாலருக்கும் மேல். இந்திய நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் இந்நோயையும் மாற்றுத்திறன்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் பழங்குடியினர்க்கென அமைந்த மருத்துவ நிலையங்கள் இந்நோயாளரைப் பேணிவருகின்றன.

இவையெல்லாம் பெரியோர் செய்பவை. பந்தலூர் மாணவனுக்கு வேண்டுவன சிறியவை. அவன் அடிக்கடி நீர் அருந்துதல் வேண்டும். குருதி தடிக்காமல் ஓட அது துணைசெய்யும். அவன் சிறுநீரகம் நீரைத் தேக்கிவைக்க இயலாதது. ஆதலின் வகுப்பிடையே எழுந்து செல்ல நேரிடும். அதற்கு இசைவு கேட்டு ஒவ்வொரு முறையும் அவன் காரணம் விளக்க நேர்ந்தால், நீர் அருந்துவதையே விட்டுவிடுவான். இரண்டு நாளில் படுக்கையில் வீழ்வான். கூதிர்காலத்தில் அவன் இருக்கை சன்னலோரம் இல்லாதிருப்பது நலம். விளையாட்டில் அவனை முற்றும் விலக்குதல் வேண்டா. களைத்தபோது அமர்ந்துகொள்ள விட்டால் போதும். மூன்று நாள் வராதிருந்து அவன் திரும்பும்போது அம்மூன்று நாள் பாடத்தையும் எவரேனும் எழுதிவைத்திருத்தல் நன்று. 'இப்பொழுது எப்படி இருக்கின்றது?' என்று கேட்டால் அவன், 'பரவாயில்லை' என்பான். பத்துக்கு எத்தனை என்று கேட்டால், சற்றே எண்ணிப் பார்த்து, 'ஐந்து' என்பான்.